மலையில் ஓடும் பழைய வண்டியில் கரண்ட் கோளாறு: கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

டிசம்பர் காலை, ஊட்டி அருகே தலைக்குந்தாவில் புல்லெல்லாம் உறைபனியில் வெளுத்துக் கிடக்கிறது. சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரு சத்தம், அதோடு சரி. முந்தின நாள் கீழே மேட்டுப்பாளையத்தில் இதே வண்டி ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகியிருக்கும். இதற்கு வழக்கமாக நடக்கும் முதல் வைத்தியம் புது பேட்டரி. அது சில வாரம் தாங்கும். பிறகு செல்ஃப் மோட்டாரைக் கழற்றுவார்கள், அதற்குப் பிறகு பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் டைனமோவை. கடைசியில் பார்த்தால் இன்ஜினுக்கும் சேசிஸுக்கும் நடுவே போகும் ஒரு எர்த் பட்டையில் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி) ஏறிய களிம்புதான் காரணமாக இருக்கும்.

பழைய ஜீப், அம்பாசடர், ஆம்னி, ஜிப்சி என்று எந்த வண்டியானாலும் கரண்ட் கோளாறில் பெரும்பங்கு பொருள் கெட்டதால் வருவதில்லை. இணைப்பு கெட்டதால் வருவது. அதனால் மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் மாற்றாதீர்கள். கீழே சொல்லும் வரிசையும் அதற்காகத்தான்: பேட்டரி, செல்ஃப், சார்ஜிங், அதற்குப் பிறகே லைட்டும் மற்றதும். அடிப்படை வோல்டேஜ் சரியில்லாமல் இண்டிகேட்டரை ஆராய்வது வீண் வேலை.

மலை வண்டிக்கு மட்டும் உள்ள சிக்கல்கள்

முதலாவது குளிர். 27 டிகிரியில் தரும் சக்தியில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைத்தான் லெட் ஆசிட் பேட்டரி 0 டிகிரியில் தரும். அதே நேரம் இன்ஜின் ஆயில் இறுகி, செல்ஃப் கேட்கும் கரண்ட் கூடிவிடும். கீழே தெரியாத குறை மேலே வந்து தெரிவது இதனால்தான். பேட்டரி ஊட்டிக்கு வந்ததும் ‘செத்துவிட்டது’ என்று அர்த்தமில்லை.

இரண்டாவது ஈரம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், தேவாலா பக்கம் விடாத மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழை, நடுநடுவே மூடுபனி. மழை வெளியே நனைக்கும், ஆனால் மூடுபனி கப்ளருக்கு (ஒயர்கள் சேரும் பிளாஸ்டிக் இணைப்பு) உள்ளேயே போய் உட்காரும். பர்லியாறு வெக்கையில் சூடாகி மேலே வரும் வண்டி குன்னூர் குளிரில் நின்றதும், ஹெட்லைட், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, மீட்டர் கண்ணாடி எல்லாவற்றுக்கும் உள்ளே வேர்க்கும்.

மூன்றாவது நம் பழக்கம். இறக்கம் பார்த்து நிறுத்தி, காலையில் உருட்டி, இரண்டாவது கியரில் கிளட்சை விடுவது. இது கைகொடுக்கும்தான். ஆனால் செல்ஃபிலோ பேட்டரியிலோ உள்ள குறை மாதக்கணக்கில் மறைந்து கிடக்கும். என்றைக்காவது சமதளத்தில், கொட்டும் மழையில், கொழுந்து மூட்டையோடு நிற்கும்போதுதான் அது வெளியே வரும்.

கையில் இருக்க வேண்டியவை

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். 20 வோல்ட் டிசி அளவும் 10 ஆம்பியர் அளவும் இருக்க வேண்டும். அதைவிட முக்கியமானது வீட்டிலேயே செய்துகொள்ளும் டெஸ்ட் லேம்ப்: 21 வாட் இண்டிகேட்டர் பல்ப், ஒரு ஹோல்டர், இரண்டு ஒயர், இரண்டு முதலை கிளிப். கடையில் கிடைக்கும் எல்.இ.டி. டெஸ்டரை நம்ப வேண்டாம். ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரிலும் எல்.இ.டி. பளிச்சென்று எரியும். 21 வாட் பல்ப் 1.75 ஆம்பியர் கேட்கும். இணைப்பு நொண்டியாக இருந்தால் மங்கலாகவே எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

இவற்றோடு இருபுறமும் கிளிப் போட்ட 5 மீட்டர், 2.5 சதுர மி.மீ. ஒயர், பேட்டரி ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர், கம்பி பிரஷ், எமரி பேப்பர், வாசலின், ஆப்பசோடா, ஒரு கைப்பிடி ஃபியூஸ்.

தொடங்கும் முன்: சக்கரத்துக்குக் கல் வையுங்கள், கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவாருங்கள். மோதிரத்தையும் உலோக வாட்ச்சையும் கழற்றுங்கள். பேட்டரியில் முதலில் கழற்ற வேண்டியது எர்த் டெர்மினல், கடைசியில் மாட்ட வேண்டியதும் அதுவே. சார்ஜ் ஏறும் பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், ஆகவே பக்கத்தில் பீடி, குளிர்காயும் கங்கு எதுவும் கூடாது. இன்னொன்று: மிகப் பழைய ஜீப்புகள் சில 6 வோல்ட். பழைய இங்கிலாந்து மாடல் வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. பேட்டரியின் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துக்கொண்டே தொடங்குங்கள். கீழே உள்ள அளவுகள் 12 வோல்ட், நெகட்டிவ் எர்த் வண்டிக்கு.

முதல் படி: பேட்டரி

வண்டி ஒரு ராத்திரி சும்மா நின்ற பிறகு அளக்க வேண்டும். ஓட்டி நிறுத்தியவுடன் அளந்தால் மீட்டர் பொய் சொல்லும். 12.6 அல்லது அதற்கு மேல் இருந்தால் முழு சார்ஜ். 12.4 என்றால் முக்கால், 12.2 பாதி, 12.0 கால். 11.8க்குக் கீழே காலி. 12.4க்குக் குறைந்தால் மேற்கொண்டு எதையும் சோதிக்காதீர்கள். வெளி சார்ஜரில் போட்டு ஏற்றிவிட்டு வாருங்கள். அரை சார்ஜ் பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் எந்த அளவும் உங்களைத் தவறான இடத்துக்கு இட்டுப்போகும்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் ஆறு செல்லிலும் ஹைட்ரோமீட்டர் விடுங்கள். தனி எண்ணைவிட செல்லுக்குச் செல் உள்ள வித்தியாசம்தான் கவனிக்க வேண்டியது. ஐந்து செல் 1.240இல் இருக்க ஒன்று மட்டும் 1.180 காட்டினால், அதுவும் சார்ஜ் ஏற்றிய பிறகும் அப்படியே இருந்தால், அந்த பேட்டரி முடிந்தது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் ஊற்றுங்கள். மலை ஊற்றுத் தண்ணீர் குடிக்க நல்லதுதான்; அதில் கரைந்திருக்கும் தாது பேட்டரித் தகட்டுக்கு ஆகாது. ஆசிட் ஊற்றவே கூடாது.

டெர்மினலில் வெள்ளைப் பூ பூத்திருந்தால் ஒரு டம்ளர் வெந்நீரில் ஒரு மேசைக்கரண்டி ஆப்பசோடா கலந்து ஊற்றுங்கள். நுரை அடங்கியதும் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து, முனையையும் கிளாம்பின் உட்புறத்தையும் ஈயம் பளபளக்கும் வரை தேயுங்கள். இறுக்கி முடித்த பிறகே மேலே வாசலின்.

இரண்டாம் படி: செல்ஃப் அடிக்கவில்லை

முதலில் காதால் கேளுங்கள். எந்தச் சத்தமும் இல்லையென்றால் சாவி சுவிட்சிலிருந்து சோலனாய்டுக்கு (செல்ஃபுக்குக் கனமான கரண்டைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரும் சிறு ஒயரைப் பாருங்கள்: சாவியைத் திருப்பும்போது அங்கே டெஸ்ட் லேம்ப் முழுதாக எரிய வேண்டும். ‘டகடகடக’ என்று அடித்தால் சோலனாய்டு பிடிப்பதும் விடுவதுமாக இருக்கிறது. பேட்டரி பலவீனம் அல்லது கனமான இணைப்பில் குறை. மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றியும் இன்ஜின் அசையவில்லை என்றால் பெண்டிக்ஸ், அதாவது மோட்டாரை இன்ஜினோடு கோக்கும் பல்சக்கரம். அது கரண்ட் சமாச்சாரமே இல்லை. ஒரே ‘டக்’, அல்லது சோம்பலான சுற்று என்றால்தான் வேலை இருக்கிறது.

இங்கே பலர் செய்யும் தவறு, ஒயரின் இரு முனையிலும் மீட்டரை வைத்து ‘பீப்’ கேட்கிறதா என்று பார்ப்பது. கேட்கும். கேட்டாலும் அந்த ஒயர் உதவாது. செல்ஃப் சுமார் 200 ஆம்பியர் இழுக்கும்போது, 0.01 ஓம் அளவுள்ள சின்னத் தடைகூட 2 வோல்ட்டை விழுங்கிவிடும். 0.01 ஓமை சாதாரண மீட்டர் காட்டாது. ஆகவே ஒயரை வேலை செய்யவிட்டு, அந்த நேரத்தில் அதில் எவ்வளவு வோல்டேஜ் தொலைகிறது என்று அளக்க வேண்டும்.

வண்டி ஸ்டார்ட் ஆகாதபடி செய்துகொள்ளுங்கள்: பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயில் ஒயரைக் கழற்றுங்கள், டீசலில் ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடியுங்கள். மீட்டர் 20 வோல்ட் டிசியில். ஒருவர் நான்கைந்து விநாடி சாவியைத் திருப்ப, மற்றவர் அளக்க வேண்டும்.

பேட்டரியின் இரு முனையில் முதல் அளவு. கிளாம்பில் வைக்காமல் ஈய முனையின் நடுவில் ஊசியை வையுங்கள். இது 9.6க்குக் கீழே இறங்கக் கூடாது. உறைபனிக் காலையில் கொஞ்சம் குறையலாம். அடுத்து செல்ஃபின் கனமான போல்ட்டுக்கும் செல்ஃபின் உடலுக்கும் இடையே. உதாரணமாக பேட்டரியில் 11.4, செல்ஃபில் 8.9 என்று வைத்துக்கொள்வோம். நடுவில் 2.5 வோல்ட் காணாமல் போகிறது. எந்தப் பக்கம் என்று பார்க்க, மீட்டரின் ஒரு ஊசியை பேட்டரி பிளஸ்ஸிலும் மற்றதை செல்ஃப் போல்ட்டிலும் வைத்து சாவியைத் திருப்புங்கள்: 0.3. அந்தப் பக்கம் சரி, அரை வோல்ட் வரை விடலாம். இப்போது பேட்டரி மைனஸ் முனைக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் இடையே: 2.2. திருடன் எர்த் பக்கம் இருக்கிறான். அங்கே 0.3க்கு மேல் இருக்கவே கூடாது.

இனி அதைத் துண்டு துண்டாகப் பிரியுங்கள். முனைக்கும் கிளாம்புக்கும், கிளாம்புக்கும் சேசிஸ் போல்ட்டுக்கும், சேசிஸுக்கும் இன்ஜினுக்கும் என்று ஒவ்வொன்றாக. எங்கே எண் குதிக்கிறதோ அங்கே ஸ்பேனரைப் போடுங்கள்.

இன்ஜின் ரப்பர் மவுண்ட் மேல் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. ஆகவே பின்னல் பட்டை ஒன்று இன்ஜினைச் சேசிஸோடு இணைக்கும். மேலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கும், போல்ட்டும் இறுக்கமாக இருக்கும். கழற்றிப் புரட்டினால் லக்கின் (பட்டை நுனியில் போல்ட் போகும் வளையம்) அடிப்பக்கம், புளி போடாத பித்தளைச் சொம்பு மாதிரி பச்சையாகக் களிம்பேறி இருக்கும். அதற்கு எதிரே சேசிஸில் துருவும், அதன் மேல் எப்போதோ அடித்த பெயின்ட்டும். மூன்று முகத்தையும், அதாவது லக், வாஷர், சேசிஸ், எமரி வைத்து வெள்ளை உலோகம் தெரியும்வரை தேய்த்து, இறுக்கி, பிறகு வாசலின் தடவுங்கள். பட்டையின் இழைகள் பாதி அறுந்திருந்தால் புதிதே போடுங்கள். கார் ஒயரிங் சாமான் கடையில் கிடைக்கும்.

இந்தப் பட்டை முழுதாக அறுந்தால் கரண்ட் வேறு வழி தேடும். ஆக்ஸிலேட்டர் கேபிள், சோக் கேபிள் வழியாகப் போகும். சாவியைத் திருப்பியதும் கேபிள் சுடுகிறது, உறை உருகிப் புகைகிறது, கேபிள் அடிக்கடி இறுகுகிறது என்றால் கேபிளை மாற்றாதீர்கள், எர்த்தைப் பாருங்கள்.

இரு பக்கமும் சரி, செல்ஃபில் 10 வோல்ட்டுக்கு மேல் வருகிறது, அப்போதும் சோம்பலாகச் சுற்றுகிறது என்றால்தான் மோட்டாரைக் கழற்ற வேண்டும். பிரஷ், புஷ், கம்யூட்டேட்டர் அழுக்கு, இந்த வரிசையில் பார்க்கச் சொல்லுங்கள்.

டீசல் இன்ஜினில் ஹீட்டர் பிளக் இருந்தால் அதையும் இதோடு முடித்துவிடுங்கள். பிளக்குகளை இணைக்கும் பட்டியைக் கழற்றி, பேட்டரி பிளஸ்ஸிலிருந்து டெஸ்ட் லேம்ப் வழியாக ஒவ்வொரு பிளக்கின் நுனியையும் தொடுங்கள். லேம்ப் எரியாத பிளக் உள்ளே அறுந்தது. நான்கில் ஒன்று போனால் கீழே ஸ்டார்ட் ஆகும், மஞ்சூர் குளிரில் வெள்ளைப் புகையோடு இழுத்தடிக்கும்.

மூன்றாம் படி: சார்ஜ் ஏறுகிறதா?

பெல்ட் முதலில். இரண்டு புல்லிக்கு நடுவே கட்டைவிரலால் அழுத்தினால் சுமார் 10 மி.மீ. இறங்கலாம். நனைந்ததும் கீச்சிடும் பெல்ட் சரியாகச் சுற்றுவதில்லை.

ஆல்டர்னேட்டர் (டைனமோவுக்குப் பின் வந்த, உள்ளே டயோடு வைத்த சார்ஜிங் கருவி; பேச்சில் இதையும் டைனமோ என்பார்கள்) உள்ள வண்டியில், பேட்டரி முனையில் மீட்டர் வைத்து, ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டு, இன்ஜினை மிதமான வேகத்தில் பிடியுங்கள். 13.8 முதல் 14.5 வரை வர வேண்டும். 13.2க்குக் குறைந்தால் சார்ஜ் போதவில்லை; 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரி தண்ணீர் கொதித்து வற்றும். மீட்டரை ஏசிக்கு மாற்றி அளந்து அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் உள்ளே டயோடு பழுது. பழுதான டயோடு ராத்திரியெல்லாம் பேட்டரியைக் குடிக்கும். விடியற்காலையில், இன்ஜினைத் தொடும் முன், ஆல்டர்னேட்டரைக் கையால் தொட்டுப் பாருங்கள். சுற்றிலும் எல்லாம் ஜில்லென்று இருக்க அது மட்டும் இளஞ்சூடாக இருந்தால் வேறு சாட்சி வேண்டாம்.

ஓடும் இன்ஜினில் பேட்டரி டெர்மினலைக் கழற்றி ‘நிற்கிறதா பார்’ என்னும் சோதனையை யார் செய்ய வந்தாலும் தடுத்துவிடுங்கள். அது டைனமோ காலத்துப் பழக்கம். ஆல்டர்னேட்டரில் அந்த நொடியில் எகிறும் வோல்டேஜ் டயோடையும் ரெகுலேட்டரையும் சேர்த்து எரித்துவிடும்.

உண்மையான டைனமோ உள்ள பழைய வண்டிகளுக்குத் தனிச் சோதனை. டைனமோவில் டி, எஃப் என்று குறித்த முனைகளின் ஒயர்களைக் கழற்றி, இரண்டு முனையையும் ஒரு சின்ன ஒயரால் சேர்த்து, அதற்கும் டைனமோ உடலுக்கும் இடையே மீட்டர் வையுங்கள். இன்ஜின் வேகத்தை மெதுவாக 1000 சுற்று வரை ஏற்றும்போது எண் சட்டென்று ஏற வேண்டும்; 20 வோல்ட்டைத் தொட விடாதீர்கள். எதுவுமே இல்லையென்றால் பிரஷ். ஒரு வோல்ட் அளவில் நின்றால் ஃபீல்ட் காயில். நாலைந்து வோல்ட்டில் நின்றால் ஆர்மேச்சர். நன்றாக ஏறியும் பேட்டரிக்குச் சேரவில்லை என்றால் கட்-அவுட் பெட்டி (டைனமோ சுற்றாதபோது அதை பேட்டரியிலிருந்து துண்டிப்பது) அல்லது அதுவரை போகும் ஒயர். கட்-அவுட் பாயின்ட் ஒட்டிக்கொண்டால் இன்ஜினை நிறுத்திய பிறகும் பேட்டரியிலிருந்து டைனமோவுக்குக் கரண்ட் பாயும். எர்த்தை உடனே கழற்றாவிட்டால் டைனமோ எரியும்.

டைனமோ ஐட்லிங்கில் சார்ஜ் தராது. மூடுபனியில் ஹெட்லைட்டும் வைப்பரும் போட்டுக்கொண்டு மலைப்பாதையில் நின்று நின்று நகரும்போது சுமார் 12 ஆம்பியர் பேட்டரியிலிருந்தே போகும். சீசன் நெரிசலில் இரண்டு மணி நேரம் என்றால் 24 ஆம்பியர்-மணி. இது கோளாறு அல்ல, கணக்கு.

நின்ற வண்டியில் பேட்டரி இறங்குகிறதா?

எல்லாவற்றையும் அணைத்து, கதவை மூடி, எர்த் டெர்மினலைக் கழற்றி, முனைக்கும் ஒயருக்கும் நடுவே முதலில் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். எரிந்தால் பெரிய கசிவு. எரியாவிட்டால் லேம்பை எடுத்துவிட்டு மீட்டரை 10 ஆம்பியரில் அதே இடத்தில் மாட்டுங்கள். அப்போது சாவியைத் திருப்பாதீர்கள், மீட்டர் ஃபியூஸ் போய்விடும். எலெக்ட்ரானிக்ஸ் இல்லாத வண்டியில் 0 காட்ட வேண்டும். ரேடியோவும் கடிகாரமும் இருந்தால் 0.05 வரை சரி. 0.5 காட்டினால் நாளுக்கு 12 ஆம்பியர்-மணி: 60 ஆம்பியர்-மணி பேட்டரி மூன்றாம் நாள் காலையில் திணறும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எண் எப்போது விழுகிறதோ அந்த வழியில் தேடுங்கள். எந்த ஃபியூஸுக்கும் விழவில்லை என்றால் ஆல்டர்னேட்டரின் கனமான ஒயரைக் கழற்றிப் பாருங்கள்.

லைட்

இண்டிகேட்டர் போட்டால் டெயில் லைட்டும் சேர்ந்து கண் சிமிட்டுகிறது, பிரேக்கை மிதித்தால் இரண்டும் மங்குகிறது என்றால் பின்பக்க எர்த்தைத் தவிர வேறொன்றையும் தேடாதீர்கள். 5 மீட்டர் ஒயரை பேட்டரி மைனஸிலிருந்து இழுத்துப் போய் லேம்ப் ஹோல்டரின் உலோகத்தைத் தொடுங்கள். உடனே சரியானால் அந்த லேம்ப்புக்குப் புது எர்த் ஒயர் போட்டுவிடுங்கள். துருப்பிடித்த பழைய பாடியை நம்பிப் பயனில்லை.

ஹெட்லைட் மஞ்சளாக அழுதால், எரியும் நிலையில் பல்ப்பின் முனையிலும் பேட்டரியிலும் அளந்து பாருங்கள். பேட்டரியில் 12.6, பல்ப்பில் 11.3 என்றால் குறைவது பத்து சதம்தான். ஆனால் வெளிச்சம் முப்பது சதம் போய்விடும். கல்லட்டியின் 36 கொண்டை ஊசிகளில் அந்த முப்பது சதம் பெரிய விஷயம். 100 வாட் பல்ப் மாட்டுவது தீர்வல்ல. சுவிட்சும் கப்ளரும் உருகும். ரிலே (சிறு கரண்டில் இயங்கிப் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) போடுங்கள்: அதன் 30ஆம் எண் முனைக்கு பேட்டரியிலிருந்து 15 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக 2.5 சதுர மி.மீ. ஒயர், 87 பல்ப்புக்கு, 86க்கு பழைய சுவிட்ச் ஒயர், 85 எர்த். டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு ஒன்று.

பெட்ரோல் அளவு, வெப்பநிலை முள் இரண்டும் சேர்ந்து தப்பாகக் காட்டினால் டாஷ்போர்டு மீட்டருக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசர்; பெட்ரோல் முள் மட்டும் என்றால் டாங்க் எர்த். ஹார்ன் பெரும்பாலும் ஸ்டியரிங் பட்டனின் எர்த். வைப்பர் மெதுவாக ஓடினால் மோட்டாரைக் குறை சொல்லும் முன் இணைப்புக் கம்பிகளுக்கு கிரீஸ் வையுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது

சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுற்றாதீர்கள். ஃபியூஸ் காப்பாற்றிய ஒயரிங் செட்டை நீங்களே கொளுத்துகிறீர்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். அந்த வழியில் உள்ள பல்ப், மோட்டார் எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் லேம்ப் முழு வெளிச்சத்தில் எரிந்தால் ஷார்ட். அப்படியே எரியவிட்டு, ஒயர்க் கட்டை முன்னாலிருந்து பின்னால் சாண் சாணாக அசைத்துக்கொண்டு போங்கள். எந்த இடத்தில் லேம்ப் அணைகிறதோ அங்கே பிரியுங்கள். வழக்கமான இடங்கள்: ரப்பர் வளையம் விழுந்துபோன ஃபயர்வால் துளை, பெடலுக்கு மேலே, பின் ஸ்பிரிங் ஷேக்கிள் அருகே, பின்கதவுக் கீல். தோட்டத்தில் நிற்கும் வண்டி என்றால் இன்ஜின் மேல் உள்ள ஒயரை எலி கடித்திருக்கும். சூட்டுக்குத்தான் அது அங்கே வருகிறது.

ஈரத்தில் மிஸ்ஸிங்

பெட்ரோல் வண்டி வெயிலில் ஒழுங்காகவும் மூடுபனியில் குலுங்கியும் ஓடினால், ராத்திரி வெளிச்சமில்லாத இடத்தில் பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் ஒயர்களில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் உட்புறத்தில் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கரிக்கோடு இருந்தால் அது துடைத்தால் போகாது, மூடியை மாற்றுங்கள். பாயின்ட் இடைவெளி அம்பாசடர் மாதிரி வண்டிகளில் 0.35 முதல் 0.40 மி.மீ.

ஒயரைச் சேர்க்கும் முறை

முறுக்கி டேப் சுற்றிய இணைப்பு கீழே சமவெளியில் ஐந்து வருடம் இருக்கும். இங்கே இரண்டு மழைக்காலம் தாண்டினால் அதிகம்: டேப்பின் பசை விடும், உள்ளே தண்ணீர் தங்கும், செம்பு கறுக்கும். ஒயரின் முனை கறுத்திருந்தால் பளபளக்கும் செம்பு வரும்வரை வெட்டிக்கொண்டே போங்கள். பிறகு சாலிடர் வைத்து அல்லது கிரிம்ப் செய்து, மேலே சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போடுங்கள். கப்ளருக்குள் நுழையும் முன் ஒயரை ஒரு வளைவு கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள். ஒயரில் வழிந்து வரும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், கப்ளருக்குள் போகாது.